நுரையீரல் கழுவிய தண்ணீர்

"என்னாலதான் டாக்டர்." லிஃப்ட் மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். இருபது வருடமாகத் தான் ஊதிய புகையெல்லாம் மனைவியின் நெஞ்சில் போய் அடைத்துக்கொண்டது என்று அவருக்கு நிச்சயம்.

மனைவி நான்கு நாளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். காய்ச்சல், மூச்சுத்திணறல், எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளை. நிமோனியாவுக்குப் போட்ட மருந்து எதற்கும் அது மசியவில்லை.

"குழாய் விட்டு நுரையீரலக் கழுவி, அந்தத் தண்ணியப் பாத்தோம்" என்றார் டாக்டரம்மா. "கிருமி இல்ல. ஈசினோஃபில்னு ஒரு ரத்த அணு, நூத்துக்கு நாப்பது இருக்கு. ஒண்ணு இருந்தாலே அதிகம். ஸ்டீராய்டு ஆரம்பிச்சாச்சு, பொழச்சிருவாங்க. ஆனா எதனாலன்னு தெரியணும். தெரியாம வீட்டுக்கு அனுப்பி மறுபடி வந்தா, தாங்க மாட்டாங்க. புதுசா ஏதாவது மாத்திரை, பெயிண்ட், தூசி?"

"இல்ல."

"அவங்க ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல."

டாக்டரம்மா பேனாவை மூடினார். காலையில் அவர் பார்த்தபோது, ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே புகை விட்டபடி, முன்பின் தெரியாத ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கல்யாணத்தில் தொடங்கி காய்ச்சல்வரை அளந்துகொண்டிருந்தவர் இதே மனிதர்தான்.

"பெட்டிய எடுத்துக்குங்க. பெரும்பாலும் இது புதுசா சிகரெட் பிடிக்க ஆரம்பிச்சவங்களுக்குத்தான் வரும். ரெண்டு மூணு வாரத்துல."

"அவளா? வாடை பட்டாலே மூக்கப் பொத்திக்குவா டாக்டர்." அந்த அறைக்குள் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ஸ்டீராய்டு இரண்டே நாளில் வேலையைக் காட்டியது. மனைவி எழுந்து உட்கார்ந்திருந்தாள், மூக்கில் சின்னக் குழாய் மட்டும். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"சிகரெட் பிடிச்சீங்களா?"

மெக்கானிக் சிரிக்கப் போனார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூணு வாரமா. மொட்டைமாடியில ஒளிஞ்சு நின்னு பழகினேன். இருமாம ஒண்ணு முடிக்க வந்ததும், பால்கனியில இவர்கூடப் போய் நிக்கலாம்னு."

மெக்கானிக்குக் கோபமும் பயமும் சேர்ந்து தலைக்கேறின. உயிர் போயிருக்குமே!

"பைத்தியமா உனக்கு? எதுக்குடி?"

"அங்க நின்னாத்தானே நீங்க பேசுறீங்க."