படத்தில் பதினொரு பேர்

பதினொரு பேர் நிற்கிறார்கள், பத்துப் பெயர்தான் போட்டிருக்கிறது.

செல்வரட்ணம் விரலால் படத்தைப் பெரிதாக்கி மறுபடியும் எண்ணினார். பதினொன்றேதான். வலது ஓரத்தில், இரவல் ஸ்வெட்டர் தொடைவரை தொங்க நிற்கிற ஒல்லிக்குச்சிக்கு மட்டும் பெயர் இல்லை.

அந்த ஒல்லிக்குச்சி அவர்தான்.

ஊர்க் கிரிக்கெட் அணியின் படம், 1984இல் எடுத்தது. இங்கிலாந்தில், கென்ட் பக்கம், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். பழைய நினைவுகளைச் சேர்க்கிறோம் என்று அந்த ஊர்க்காரர்கள் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கியிருந்தார்கள். ஜெர்மனியில், கொலோன் நகரத்து நாலாம் மாடி வீட்டில், சனிக்கிழமைக் காலை அதைக் கண்டுபிடித்ததிலிருந்து மனிதர் ஓரிடத்தில் இருக்கவில்லை. பல்கனிக் கதவைத் திறந்தார், பூட்டினார். தேத்தண்ணி ஊற்றினார், குடிக்க மறந்தார்.

பெயர் விட்டுப்போனதைக்கூடப் பொறுத்திருப்பார். அதற்குக் கீழே இருந்த வரிதான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

'பக்கத்து ஊரை வென்ற நாள். ரொன், ஆறு விக்கெட்.'

ரொனா! ரொன் பந்து போடுவாரென்றால் காகமும் கச்சேரி வைக்கும்.

அந்த ஆறும் செல்வரட்ணத்தின் ஆறு. அன்று ஊரே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மதுக்கடைக்குப் போனது. பியர் கசக்கிறது என்று முகம் சுளித்தவருக்கு ஆப்பிள் சாறு வாங்கிக்கொடுத்தது ரொனின் மனைவி ஜோன். ஊர்த் தபால் கந்தோரை நடத்தியதும் ஜோன்தான், ஸ்கோர் எழுதியதும் ஜோன்தான். அவர்கள் வீட்டு மேல்மாடி அறையில்தான் செல்வரட்ணம் வாடகைக்கு இருந்தார்.

மூன்று வருடம். கிழமை நாளில் ஏணியில் நின்று ஆப்பிள் பிடுங்குவார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்போடு மைதானத்தில் நிற்பார். இடைவேளையில் வெள்ளரிக்காய் சான்ட்விச்சுக்குள் அவர் மிளகாய்த்தூள் தூவப்போய், பிறகு பாதிரியாரே தனக்கும் கொஞ்சம் தூவச் சொல்லித் தட்டை நீட்டுவார்.

மாணவர் விசா எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. ஒருநாள் குடிவரவுக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. ஜோனின் கையாலேயே வாங்கினார். மறுநாள் விடியமுன், ஒருவருக்கும் சொல்லாமல், பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு ஆட்டம் இருந்தது.

ஜெர்மனியில் அகதி விசாரணையின்போது, கொழும்பிலிருந்து நேரே வந்தேன் என்றார். இங்கிலாந்தில் இருந்தது தெரிந்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாரும் பயம் காட்டியிருந்தார்கள். அன்று பூட்டிய வாய். ஜெர்மன் கடவுச்சீட்டு கைக்கு வந்து இருபத்தைந்து வருடமாகியும் பிள்ளைகளுக்குக்கூடச் சொன்னதில்லை. மனைவி கமலநாயகிக்கு மட்டும் தெரியும்.

"ஏனப்பா, அந்த ஊரிலை நான் இருக்கேல்லை எண்டு நாப்பது வரியமாச் சொல்லுறது நீங்கள். இப்ப அவையளும் அதைத்தானே சொல்லினம், பிறகென்ன கோவம்?" என்றாள் அவள், வெங்காயம் உரித்தபடி.

"நான் மறைச்சது வேறை, அவை மறந்தது வேறை!"

கத்திவிட்டார். கத்திய பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது. சொல்லாமல் ஓடியவனை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்? ஆனாலும் மனம் ஆறவில்லை. கணினியின் முன் போய் இருந்து, ஒற்றை விரலால் ஆங்கிலத்தில் தட்டினார்.

'அந்தப் பதினோராவது ஆளுக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆறு விக்கெட்டும் அவனுடையது. ரொனைக் கேட்டுப் பாருங்கள்.'

கடைசியில் தன் பெயரைப் போடவேண்டும். விரல் நகரவில்லை. இனி ஒருவரும் ஒன்றும் செய்ய ஏலாது என்று புத்திக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லையே! பெயர் போடாமலே அனுப்பிவிட்டு எழுந்தார்.

அனுப்பியிருக்கக்கூடாது. இல்லை, இன்னும் சூடாக எழுதியிருக்கவேண்டும். சமையலறைக்கும் பல்கனிக்கும் இடையில் எத்தனை தரம் நடந்தாரோ, காலைச் சுற்றிக்கொண்டு வராதீர்கள் என்று கமலநாயகி ஏசினாள்.

மத்தியானத்துக்கு முன்பே பதில் வந்துவிட்டது. அனுப்பியவர் ஜோன்.

கடவுளே, இன்னும் இருக்கிறாரா! செல்வரட்ணம் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

'செல்வா, நீயாகத்தான் இருக்கவேண்டும். வேறு யாருக்கு இந்தக் கோபம் வரும்?

'அந்தக் கடிதத்தின் உறையைப் பார்த்தபோதே அது எங்கேயிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியும். நீ போன அன்றே, மண்டபச் சுவரில் இருந்த படத்தின் கீழே உன் பெயரைக் கத்தரித்து எடுத்தேன். ஸ்கோர் புத்தகத்தில் உன் விக்கெட்டுகளை ரொன் பெயரில் மாற்றி எழுதினேன். மூன்றாம் நாள் அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். அப்படி ஒருவர் இங்கே இருந்ததே இல்லை என்று மதுக்கடைக்காரர் சொன்னார். பாதிரியாரும் சொன்னார், அதுவும் கோயில் வாசலில் நின்றுகொண்டு. ரொன் பாவம், சாகும்வரை அந்த ஆறு விக்கெட்டைச் சொல்லி எல்லாரும் அவரைக் கேலி செய்தார்கள். ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

'நீ எங்கே இருக்கிறாய், பத்திரமாக இருக்கிறாயா என்று தெரியாததால் இன்றுவரை இந்த ஊரில் ஒருவரும் உன் பெயரை வெளியே சொன்னதில்லை.

'இனிச் சொல்லலாமா?'