பாறையடியில் ஒருவன்

ஜெகதீஷ் வேலைக்குக் கிளம்பியதும் மோகனப்ரியா அவசரமாகத் தலைவாரிக்கொண்டாள். அந்த ஆள் இந்நேரம் வந்திருப்பான். அவனைப் பார்க்கத்தான் தினமும் போகிறாள் என்பது புருஷனுக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம், சரிதா வீட்டு மொட்டை மாடியில் ஓவிய வகுப்பு. கல்யாணமாகி விருதுநகரிலிருந்து ஓசூருக்கு வந்தவளுக்குப் பேச நாதியில்லை. கம்பெனியில் ஆளைப் பிழிந்துதான் அனுப்புவார்களோ என்னவோ, ஜெகதீஷும் வந்தால் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்துவிடுவான். ஒரு படம் வரைந்து காட்டினாலாவது வாயைத் திறக்க மாட்டானா என்ற நப்பாசையில் சேர்ந்தாள்.

எதிரே தெரியும் பாறைக்குன்றுதான் பாடம்.

"பாறைங்க நல்லா வந்திருக்குதும்மா," என்றாள் சரிதா. "நீ வரைஞ்ச ஆளுதான் துணிக்கடை பொம்மையாட்டம் நிக்கறான். நெஜமா ஒருத்தரப் பாத்து வரை."

அப்படிக் கிடைத்தவன்தான் அவன். பாறையடி நிழலில் தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பான். மாடியிலிருந்து பார்த்தால் கட்டெறும்பு அளவுதான். முகம் தெரியாது, வளைந்த முதுகு மட்டும் தெரியும்.

அந்த முதுகு அவளுக்கு லேசில் வரவில்லை. வரைந்து, அழித்து, மறுபடி வரைந்தாள். நமக்காவது மாலையானால் ஒருவர் வருகிறார், இவனுக்கு யாருமே இல்லை போலிருக்கிறது என்று பாவமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜெகதீஷின் கம்பெனிச் சட்டையைத் துவைத்துப் போட்டாள். இப்போதெல்லாம் அதில் எண்ணெய்க் கறையே இருப்பதில்லை. தேய்க்கிற வேலை மிச்சம்.

படம் முடிந்த அன்று சாயங்காலம், அதை அவன் முன்னால் சாய்த்து வைத்தாள்.

"கோவிச்சுக்கிடாதீங்க. ஒங்களுக்குத் தெரியாம க்ளாசுக்குப் போனேன். மாடியில இருந்து பாத்து வரைஞ்சது."

ஜெகதீஷ் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நல்லாயில்லையாங்க?"

"இது யாரு?"

"யாருன்னு தெரியல. தெனமும் அங்கனதான் உக்காந்திருக்காரு. வீட்டுல ஒரு ஆளு இருந்தா இப்படி வந்து உக்காருவாரா, பாவம்."

அவன் விரல் அந்த வளைந்த முதுகின் மேல் போய் நின்றது. அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"வீட்டுல ஆளு இருக்கு, ப்ரியா. வேலை போயிருச்சுன்னு அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."