பத்து வருஷச் சண்டை

"கையில பிடிக்க முடியாதது எப்படி தம்பி காசாகும்? பத்து வருஷம் இதுக்காகவே அவரோட சண்டை போட்டேன்" என்றபடி, இறந்துபோன கணவரின் நோட்டுப் புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள் தூலிக்கி.

பின்லாந்தின் டாம்பெரே நகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சாம்போ, அதில் எழுதியிருந்த பிட்காயின் கணக்கு எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தான்.

"பன்னிரண்டு வார்த்தை எழுதின சீட்டு ஏதாவது வெச்சிருந்தாராம்மா?"

"ஆமா. பனி, கரண்டி, குதிரைன்னு என்னவோ இருந்துச்சு. எனக்குக் கவிதை எழுத ஆரம்பிச்சிருக்கார்னு நெனச்சேன். அவர் கோட்டுப் பையிலயே வெச்சு தகனத்துக்கு அனுப்பிட்டேன். ஏன்?"

சாம்போ திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"சும்மாதான் கேட்டேன். நீங்க சொன்னதுதாம்மா சரி. இதுல ஒரு சென்ட்கூட இல்ல."

ஜெயித்த திருப்தியோடு எழுந்து போவாள் என்று நினைத்தான். அவளோ முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஒருநாள் நீயே ஒத்துக்குவேன்னு கடைசி வரைக்கும் சொன்னார், தம்பி. இந்த ஒரு தடவையாவது அவர் ஜெயிச்சிருக்கக் கூடாதா?"

சாம்போ திரையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான். திரையில் ஒன்பது லட்சம் யூரோ அப்படியே இருந்தது. அந்தச் சீட்டு இல்லாமல் அதை இனி யாராலும் எடுக்க முடியாது.