வாரண்டி இல்லாத பரிசு

கேற்றுக்கு வெளியே சில்வெஸ்டர். உள்ளே ஸகியா. நடுவில் ஆளுயர இரும்புத் தகடு.

பின்னால் நின்ற சின்ன லொறியில் ஒரு புத்தம் புதிய வோஷிங் மெசின் மருதமுனை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

“தங்கச்சி, எங்கட கடைக் குலுக்கல்ல ஒங்களுக்கு விழுந்த பரிசு இது. ஒரு சதம் தரத் தேவல்ல. எடுத்தாப் போதும்.”

“கள்ளனெல்லாம் அப்பிடித்தான் சொல்றான்,” என்றது உள்ளிருந்து வந்த குரல்.

சில்வெஸ்டருக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். கோபப்படுகிற நிலையில் அவர் அன்றைக்கு இல்லை.

முப்பது வருடமாகக் கல்முனையில் மின்சாமான் கடை வைத்திருப்பவர். பெரிய கம்பனிகள் கிளை திறந்த பிறகு கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மகள் சுஜீதாதான் கடைக்கு ஓர் இணையத்தளம் போட்டாள். பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் பதிகிறவர்களில் ஒருவருக்குக் குலுக்கலில் வோஷிங் மெசின் பரிசு என்று அறிவித்ததும் அவள்தான்.

விற்பதைவிடச் சும்மா கொடுப்பது கஷ்டம் என்று அப்போதுதான் சில்வெஸ்டருக்கு விளங்கியது.

முதலில் பரிசு விழுந்தவர் “ஓடிபி எல்லாம் தரமாட்டன்” என்று போனை வைத்துவிட்டார். இரண்டாமவர் பொலிசுக்குப் போவேன் என்றார். மூன்றாம் தடவை குலுக்கியபோது வந்த பெயர்தான் ஸகியா.

இதற்குள் தளத்தில் கேள்விகள் குவிந்துவிட்டன. ‘பரிசு கிடைத்தவர் எங்கே?’ ‘ஆளைக் காட்டுங்கள்.’ பரிசோடு ஆள் நிற்கிற போட்டோ ஒன்று இன்றைக்கு வராவிட்டால் தளத்தை மூடிவிடுவதே மரியாதை என்று சுஜீதா சொல்லிவிட்டாள். தளத்தை மூடினால் கடையையும் மூடவேண்டியதுதான்.

அதனால்தான் இந்த மனுசன் கேற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

ஸகியா இலேசுப்பட்ட ஆளில்லை. தளத்தில் கடைக்காரரின் பெயரோடு இருந்த இலக்கத்துக்கு அழைத்தாள். சில்வெஸ்டரின் சட்டைப்பையில் மணி அடித்தது.

எடுத்து, தான்தான் என்றார். அவருடைய குரல் அவளுக்குப் போனிலும் கேட்டது, கேற்றுக்கு மேலாலும் கேட்டது. அவள் அசையவில்லை. தளத்தில் இலக்கத்தைப் போடத் தெரிந்த கள்ளனுக்குப் போனை எடுக்கவும் தெரியும்தானே.

கொண்டுவந்த கூலி எவ்வளவு என்று கேட்டாள். இலவசம் என்றார். மெசினைப் பொருத்திப் பூட்டித் தருவதற்கு? அதுவும் இலவசம். அவர் இலவசம் என்று சொல்லச் சொல்ல அவளுடைய சந்தேகம் கூடிக்கொண்டே போனது.

தளத்தில் வாடிக்கையாளர்கள் எழுதியிருந்ததையெல்லாம் அவள் வாசித்திருந்தாள். அத்தனை பேரும் ஐந்து நட்சத்திரம். இந்தப் பக்கத்துச் சனம் என்றைக்காவது ஒரு கடையைப் பற்றி ஒரே வாயாக நல்லது சொல்லியிருக்கிறதா என்று கேட்டாள்.

சில்வெஸ்டர் லொறிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் புகழ்ச்சியெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, அவரும் மகளும் உட்கார்ந்து எழுதியது.

“சரி, எத்தின வருச வாரண்டி?”

வெயில் மண்டையைப் பிளந்தது. பொறுமையாக நின்றது போதும் என்று உள்ளே இருந்த முப்பது வருடக் கடைக்காரர் எழும்பிவிட்டார்.

“சும்மா குடுக்கிற சாமானுக்கு வாரண்டியா? ஒருக்காலும் தரமாட்டன்! திருப்பிக் கொண்டுவந்தா எடுக்கவும் மாட்டன்!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். எல்லாம் போயிற்று.

தாழ்ப்பாள் இழுபட்டது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஸகியா கேற்றைத் திறந்தாள்.

“இப்பதான் கடக்காரர் மாதிரிக் கதைக்கிறீங்க. கள்ளன் எண்டா அதுக்கும் ஓம் எண்டிருப்பான்.”

வளவின் பின்பக்கம் ஸகியா தன் மகளுக்குக் கட்டிய புது வீடு, இன்னும் சீமெந்து மணம் போகவில்லை. இங்கே பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் வீடும் பெண் பக்கம், வீட்டுச் சாமானும் பெண் பக்கம். எல்லாம் சேர்த்தாயிற்று, இது ஒன்றுதான் குறை. மெசினை இறக்கி வைத்ததும் “அல்ஹம்துலில்லாஹ்” என்று அதன் மூடியைத் தடவிப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சில்வெஸ்டருக்குப் பெரிய கிளாஸில் சர்பத் வந்தது.

குடித்து முடித்து, போட்டோ எடுக்கப் போனை நீட்டினார்.

“அது மட்டும் வேணாம் அண்ணன். மாப்பிள ஊட்டாக்கள் கண்டா, மகளுக்குச் சும்மா கிடைச்ச சாமானக் குடுத்திருக்கா எண்டு கதை வரும்.”

அந்தப் போட்டோவுக்காகத்தானே சில்வெஸ்டர் இவ்வளவு கெஞ்சியது. ஆனாலும் அவரும் ஒரு பெண்பிள்ளையின் தகப்பன். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு லொறியில் ஏறினார். சாமானும் போய், போட்டோவும் இல்லாமல், மகளின் முகத்தில் எப்படி முழிப்பது என்று தெரியவில்லை.

கடைக்குத் திரும்பும் வழியில் பாண்டிருப்பைத் தாண்டும்போது சுஜீதா அழைத்தாள்.

“அப்பா, ஆருக்கு என்ன வித்தீங்க? இஞ்ச கடைப் போன் ஓயுதில்ல. அந்த விலை குறைக்காத கடையோ எண்டு கேக்காங்க.”

தளத்தில் ஸகியா மூன்று நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தாள். மகளின் புது வீட்டுக்கு வோஷிங் மெசின் வாங்கினாளாம். எவ்வளவு கெஞ்சியும் ஒரு சதம் குறைக்கவில்லையாம். வாரண்டி கேட்டதற்குக் கடைக்காரர் சண்டைக்கு வந்தாராம். ஆனால் நல்ல மெசினாம், வாசலுக்கே கொண்டுவந்து இறக்கினாராம்.

சில்வெஸ்டருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பரிசு கிடைத்தவர் எங்கே என்று கேட்டவர்களுக்கு இனி என்ன சொல்வது என்று மகளிடம் கேட்டார்.

அங்கேயும் ஸகியாவே பதில் எழுதிவிட்டாள் என்று சுஜீதா வாசித்துக் காட்டினாள்:

‘பரிசுக் கதையை ஒருவரும் நம்ப வேண்டாம். கடை மட்டும் உண்மை.’