உப்பு கூடிய புழு

"எம்மா, இந்த ரப்பர் புழு செய்யுதது யாரு? நீதானா?"

வாசலில் நின்றவருக்கு அறுபது வயதிருக்கும். கையில் ஒரு காலி பாக்கெட். அதில் ஒட்டியிருந்த தன் வீட்டு முகவரியை ஜெபசுதா பார்த்தாள்.

தூண்டிலில் மாட்டும் பச்சைப் புழு இருந்த பாக்கெட். அதே சரக்கு.

"நான்தான் அண்ணாச்சி. உள்ள வாங்க."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பேரு சுடலைக்கண்ணன். விளாத்திகுளத்துல பலசரக்குக் கடை. போன ஞாயித்துக்கிழமை இங்கன தூண்டில் கடையில இதை வாங்குனேன். முள்ளுல மாட்டி ஒரு வீச்சு வீசுனா, புழு பிஞ்சு தனியாப் பறக்குது. ஏழு புழு இருந்துச்சு. ஏழும் பிஞ்சிட்டு."

வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடிய பிறகு, யூடியூபைப் பார்த்து ஜெபசுதா தானாகவே கற்றுக்கொண்ட தொழில் இது. பால் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் திரவத்தைக் கொல்லைப்புறத்தில் வைத்துச் சூடாக்குவாள். அது தெளிந்து வரும்போது பொடித்த உப்பைப் போட்டுக் கிளறி அச்சில் ஊற்றுவாள். உப்பு ருசி இருந்தால் கடித்த மீன் சட்டென்று துப்பாது. கையைச் சுட்டுக்கொண்டு, குமிழி குமிழியாய் வந்ததையெல்லாம் எறிந்து, ஆறு மாதம் கழித்துத்தான் ஒரு தூண்டில் கடைக்காரர், "சரி, மாட்டி வைக்கேன்" என்றார்.

அந்த முதல் சரக்கிலேயே உப்பு கூடிப்போயிற்று. தூத்துக்குடியில் உப்புக்கா பஞ்சம்? கை தாராளமாக அள்ளிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றை மறுநாள் இழுத்துப் பார்த்தபோது புட்டு மாதிரி உதிர்ந்தது. கடைக்கு ஓடினாள். எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வந்துவிட்டாள், விற்றுப்போன ஒரே ஒரு பாக்கெட்டைத் தவிர.

அந்த ஒரு பாக்கெட்தான் இப்போது வீடு தேடி வந்திருக்கிறது.

தண்ணீர் எடுக்க உள்ளே போனவளைக் கணவன் தனராஜ் மடக்கினான். துறைமுகத்தில் இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான்.

"ஏளா, வெயில்ல வச்சிருப்பீங்க, அதான் பிஞ்சிட்டுன்னு சொல்லு. கடைக்காரர் காதுக்குப் போச்சுன்னா மறுபடி வாங்க மாட்டாரு."

அவள் வெளியே வந்து தண்ணீர்ச் செம்பைச் சுடலைக்கண்ணனிடம் நீட்டினாள்.

"தப்பு என்மேலதான் அண்ணாச்சி. உப்பு கூடிப்போச்சு. மன்னிச்சிருங்க. இது புதுசா செஞ்சது, ரெண்டு பாக்கெட் இருக்கு. வச்சுக்கிடுங்க."

சுடலைக்கண்ணன் புதுப் புழு ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தார். அது நீண்டது, விட்டதும் பழையபடி சுருங்கியது. இன்னும் பலமாக இழுத்தார். பிய்யவில்லை.

"இது வேண்டாம்" என்று மேசையில் வைத்தார். "அந்தப் பிஞ்சு போற சரக்கு மிச்சம் இருக்கா?"

"இருக்கு. உருக்கி மறுபடி ஊத்தலாம்னு பின்னால வாளியில போட்டு வச்சிருக்கேன்."

"உருக்கிராத!" அவர் எழுந்தேவிட்டார். "எல்லாத்தையும் எனக்குக் கொடு."

ஜெபசுதாவின் கண் நிறைந்தது. கடைக்காரர் முன்னால் கொண்டுபோய்க் கொட்டப் போகிறாரா? வீடியோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பப் போகிறாரா?

தனராஜுக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்தான்.

"தப்பத்தான் ஒத்துக்கிட்டாளே, மாத்தியும் தாரேங்கா. இன்னும் என்ன அண்ணாச்சி வேணும்? அவ பொழப்பக் கெடுத்துராதீங்க."

"கெடுக்கவா?" சுடலைக்கண்ணன் திகைத்துப் போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, இந்தப் பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போவலாம்னுல்லா ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்."

சொன்னபடியே ஜெபசுதாவைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் பதறிப்போய்ப் பின்வாங்கினாள்.

"எனக்குத் தூண்டில் போடவே தெரியாதும்மா. வீட்டுக்காரி செண்பகத்துக்குக் கொஞ்சம் கடக்காத்து படட்டும்னு கடற்கரைக்குக் கூட்டிட்டு வந்தேன். நாலு பேரு தூண்டில் போட்டுட்டு நின்னாங்க. நாமளும் போட்டாத்தான் என்னன்னு ஒரு தூண்டிலும் இதையும் வாங்கி வீசுனேன். முள்ளு ஒரு பக்கம் விழுது, புழு ஒரு பக்கம் பறக்குது. நானும் விடல. ஏழாவது புழு பறந்து ஒருத்தர் தொப்பியில போய் விழுந்துச்சு. பின்னாலருந்து செண்பகம், 'கூறுகெட்ட மனுசா!'ன்னு ஒரே ஏச்சு."

தனராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எல்லா வீட்டுலயும் நடக்கதுதான அண்ணாச்சி! பெண்டாட்டி ஏசுனதுக்கா இம்புட்டுத் தூரம் கும்பிட வந்தீங்க?"

சுடலைக்கண்ணனும் சிரிக்கத்தான் பார்த்தார். முடியாமல், தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பக்கவாதம் வந்து எட்டு மாசமா ஒரு சொல்லு வராமக் கிடந்த வாய் தம்பி அது."