இரண்டு முதலாளிகள்

"நன்றி கெட்ட பயல்!"

நாமக்கல் கடைவீதியில் ஒரு வாரமாக இதே பேச்சு. திட்டு வாங்கியவன் லாரி டிரைவர் சடையன். அவன் செய்த குற்றம், மண்டி முதலாளி பெரியசாமி மேல் சர்க்காருக்கு மனுப் போட்டது.

பெரியசாமி லேசுப்பட்ட மனுஷரா? தன் லாரியை ஆறு வருஷமாக ஓட்டிய சடையனை, 1938 தை மாசம் கூப்பிட்டு உட்கார்ந்தபடியே ஒரு வாழ்வு கொடுத்தார்.

"சடையா, இனி உனக்குச் சம்பளம் கெடையாது. லாரியவே உனக்குக் குத்தகைக்கு உட்டர்றேன். தெனம் குத்தகைப் பணத்தைக் கட்டிப்போடு, மிச்சமெல்லாம் உனக்குத்தான். இனிமே நீ கூலிக்காரனில்ல. மொதலாளி!"

சொன்னதோடு நிற்கவில்லை. பத்திரம் எழுதி, கைநாட்டும் வாங்கிவிட்டார். இந்தக் காலத்தில் யாருக்கு வரும் இந்த மனசு? ஊரே மெச்சியது.

அப்புறம் பெட்ரோல் யார் செலவு? புது முதலாளி செலவு. டயர் வெடித்தால்? அதுவும் முதலாளி தலையில்தான். ரிப்பேரில் நாலு நாள் நின்றால் அந்த நாலு நாளுக்கும் குத்தகை கட்ட வேண்டியவரும் முதலாளிதான். எல்லாம் போகச் சடையன் கையில் நின்றது பழைய சம்பளத்தில் பாதி. போனால் போகிறது, முதலாளிப் பட்டம் சும்மா வருமா?

பங்குனியில் ஒரு நாள் காலை, என்ஜினைக் கிளப்ப முன்பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினான். அது எதிர்ப்பக்கம் எகிறி அவன் வலது மணிக்கட்டை ஒடித்துவிட்டது. கட்டுப் போட்டும் எலும்பு சரியாகக் கூடவில்லை. கை கோணிப்போய் நின்றுவிட்டது. இனி லாரி ஓட்ட முடியாது. வீட்டில் மூன்று குழந்தைகள்.

அவன் பெண்டாட்டி அத்தாயி போய் அழுதாள்.

பெரியசாமி சிரித்தார். "வேலைக்காரனுக்கு அடிபட்டா நஷ்ட ஈடு தரோணும்னு சட்டமிருக்குது அம்மிணி. மொதலாளிக்கே அடிபட்டா யாரு தருவாங்க, நீயே சொல்லு?"

யாரோ புண்ணியவான் மனு எழுதிக் கொடுத்தான். சேலம் அஸ்தம்பட்டியில், நஷ்ட ஈட்டு மனுக்களைக் கேட்கும் சர்க்கார் அதிகாரி முன்னால் விசாரணை.

அதிகாரி சென்னைக்காரர். மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலி. சலவைச் சட்டையும் அங்கவஸ்திரமுமாக வந்த பெரியசாமி ஒன்றில் அமர்ந்தார். சடையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றான். அத்தாயி வெளியே தாழ்வாரத்தில்.

"சடையன் உங்கள் வேலைக்காரன்தானே?" என்றார் அதிகாரி.

"சிவ சிவா! அவரு குத்தகைதாரருங்க எசமான். நானொரு மொதலாளி, அவரொரு மொதலாளி. எங்களுக்குள்ள ஏத்தமேது, எறக்கமேது?"

ஆறு வருஷத்தில் இல்லாத 'அவரு'. சடையன் மிரண்டு பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாராவது நிற்கிறார்களா என்று.

"வேறு மண்டிச் சரக்கை அவர் ஏற்றலாமா?"

"தாராளமாங்க."

"ஏத்துனா தோலை உரிச்சுப்போடுவேன்னீங்களே, சாமி?" என்றான் சடையன் மெல்ல.

"அது ஒரு பாசத்துல சொல்றதுங்க எசமான்."

"ராத்திரி லாரி எங்கே நிற்கும்?"

"எங்க ஊட்டு வாசல்லதானுங்க. அவரு ஊட்டுச் சந்துக்குள்ள நொழையாது பாருங்க."

எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. மனுஷர் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர். அதிகாரி பத்திரத்தை இன்னொரு தரம் புரட்டினார். ஓட்டை ஒன்றும் அகப்படவில்லை.

"என்ன செய்வதப்பா? பத்திரப்படி நீர் முதலாளி. முதலாளிக்கு நஷ்ட ஈடு கிடையாது."

"அப்ப எம் புள்ளைக சோத்துக்கு என்னங்க சாமி பண்றது?" என்றான் சடையன். வெளியே அத்தாயி விம்மும் சத்தம் கேட்டது.

அதிகாரி தீர்ப்புக் காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதி முடிக்க நேரமாகும். ஏன் நிற்கிறீர்? இப்படி வந்து உட்காரும்."

"இருக்கட்டுங்க சாமி. நிக்கறனுங்க."

"அவர் உட்கார்ந்திருக்கிறாரே. உமக்கு மட்டும் என்ன கூச்சம்? உட்காரும் என்கிறேன்."

அதிகாரி சொல்லைத் தட்டலாமா? சடையன் தயங்கித் தயங்கி வந்து, இடது கையால் நாற்காலியை இழுத்து, அதன் விளிம்பில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தான்.

பெரியசாமியின் முகம் கருத்தது. தோளில் கிடந்த அங்கவஸ்திரம் நழுவியதுகூடத் தெரியாமல் துள்ளி எழுந்தார்.

"டேய்! எங்கிட்டக் கைகட்டிக் கூலி வாங்கித் திங்கற நாயி, எனக்குச் சமமா உக்கார்றயா? எந்திரிடா!"

"ஐயோ, தப்புங்க மொதலாளி!" சடையன் பதறிப்போய்க் கதவோரம் ஓடினான்.

அதிகாரி பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார்.

"நீங்கள் உட்காருங்கள், பெரியசாமி. இங்கே முதலாளி நீங்கள் ஒருவர்தான். நஷ்ட ஈட்டை என்றைக்குக் கட்டுகிறீர்கள்?"