தாய்லாந்துக் குழம்பும் ஒரு துண்டும்

"மடியில போட்டுக்க இவங்க எதுக்குடா துண்டு தர்றாங்க? நான்தான் கையோட கொண்டாந்திருக்கேனே!"

அப்பாசாமி தோளில் கிடந்த சிவப்புக் கட்டம் போட்ட துண்டைத் தட்டிக் காட்டினார். பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். மகன் முருகவேல் சிரிக்கிற நிலையில் இல்லை.

கிரிவலம் போகிற செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி இருந்த அந்த ஓட்டலில் தாய்லாந்துச் சமையலையும் நம்மூர்ச் சமையலையும் கலந்து கட்டி, லாட்ஜ் வாடகை அளவுக்கு விலை வைத்திருந்தார்கள். மூங்கில் விளக்கு, கண்ணாடிக் குவளை, காதில் விழுந்தும் விழாமலும் ஒரு இசை. அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் அப்பாசாமிக்கு இங்கே என்ன வேலை? 'லாட்ஜில் என்னை மேனேஜர் ஆக்கிட்டாங்க, அதுக்கு விருந்து' என்று சொல்லித்தான் மகன் அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தான். மேனேஜர் ஆனது நிஜம். விருந்து அதற்காக என்பதுதான் புளுகு.

ஓட்டல் அவன் தங்கை தென்றலுடையது.

பாங்காக்கில் சமையல்காரனாக இருந்துவிட்டு வந்த வளவனோடு மாலையும் கழுத்துமாக அவள் வந்து நின்று மூன்று வருஷம் ஆகிறது. "இனிமே அவ கைச் சோத்தைத் தின்னா நான் அப்பாசாமி இல்ல" என்று பங்காளிகள் முன்னால் சொல்லிவிட்டார் மனிதர். சொன்னால் சொன்னதுதான், லேசில் இறங்கி வருகிற ஆளில்லை. இப்போது தென்றலுக்கு ஏழாவது மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு என்று ஊருக்கே தெரியும். தாய் இல்லாத பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று முன்னால் நிற்க இவரை விட்டால் யார்? முதலில் வயிற்றை நிரப்புவோம், அப்புறம் உண்மையைச் சொல்வோம் என்பதுதான் முருகவேலின் திட்டம்.

"கை கழுவிட்டு வரேன்" என்று எழுந்தார் அப்பாசாமி.

"இருங்கப்பா, நான் காட்டறேன்..."

அதற்குள் அவர் பக்கவாட்டுக் கதவு வழியாக வேப்பமரத்தடிக் குழாய்க்கே போய்விட்டார். தண்ணீர் இருக்கிற இடம் விவசாயிக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டான் முருகவேல். சட்டைப்பையில் செல்போன் ஒரு தரம் அடித்து நின்றது. தங்கையின் மிஸ்டு கால். சமையலறைச் சன்னலில் அவளுடைய ஒரு கண் மட்டும் தெரிந்தது.

பரிமாறும் பெண் பூஜா முதல் தட்டை வைத்தாள். "பப்பாளிக்காய் சாலட்டுங்க அய்யா."

"பப்பாளிக்காயா? எங்க ஊட்ல இத மாட்டுக்குப் போடுவோம்மா." ஒரு வாய் மென்றார். "மேல மல்லாட்டை தூவியிருக்குது. அதனால மன்னிச்சு உட்டேன்."

அடுத்து, ஆவி பறக்கப் பச்சையாய் ஒரு குழம்பும் சோறும் வந்தன.

"இது தாய்லாந்துக் குழம்புங்க. முருங்கைக்காய் போட்டது."

"தாய்லாந்துல முருங்கை மரம் இருக்குதாம்மா?"

"தெரியலீங்க அய்யா. இங்க பின்னாடி ஒண்ணு இருக்குதுங்க."

அப்பாசாமி ஸ்பூனை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கையாலேயே பிசைந்தார். இரண்டாம் தரம் சோறு வாங்கினார். மூன்றாம் தரமும் வாங்கினார்.

"காரம் கம்மி, தேங்காப்பால் ஜாஸ்தி" என்றார். குற்றம் சொன்ன வாய் மெல்லுவதை நிறுத்தவில்லை.

முருகவேலுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "பௌர்ணமிக்கு மல சுத்திட்டு விடியக்கால வந்து, பசியில்லன்னு படுத்துக்குவீங்களே. இன்னைக்குதான்பா நல்லா சாப்டறீங்க."

"அன்னைக்குப் பசி இருக்காது" என்று அவர் முருங்கைக்காயில் கவனமானார்.

தட்டு காலியாயிற்று. வந்தது வரட்டும் என்று முருகவேல் வாயைத் திறந்தான்.

"அப்பா, கோவப்படாதீங்க. இது நம்ம தென்றல் ஓட்டல். இப்ப நீங்க சாப்டது அவ சமைச்சது. மூணு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் அவ கைச் சோறு..."

தட்டு பறக்கும் என்று எதிர்பார்த்தான். அப்பாசாமி கடைசி முருங்கைத் துண்டை நிதானமாக உறிஞ்சி ஓரத்தில் வைத்தார்.

"தெரியும்டா."

"எப்படிப்பா?"

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசல்ல பந்தல் போட்டு, மல சுத்தறவங்களுக்குத் தொன்னையில புளிசோறு குடுக்கறா இல்ல? ரெண்டு வருஷமா அந்த வரிசையில நானும் நிக்கறேன். அந்தக் குழாயிலதான் கை கழுவுவேன். அன்னதானம் சாமி சோறுடா, அதுல என் சொல்லு எங்க கெட்டுப்போச்சு?"

பௌர்ணமி ராத்திரி லாட்ஜை விட்டு அசைய முடியாத முருகவேலுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"அவ உங்களப் பாக்கலையா?"

"துண்ட முக்காடு போட்டுக்கினு குனிஞ்சு நின்னா, அந்தக் கும்பல்ல யாருக்குடா தெரியும்? போன மாசம் வயித்தத் தள்ளிக்கினு நின்னு கரண்டி புடிச்சா. மனசு கேக்கல. நீ எப்படா உள்ள கூட்டிக்கினு வருவேன்னு பாத்துக்கினே இருந்தேன். பங்காளிங்க கேட்டா, பையன் ஏமாத்திட்டான்னு சொல்லிக்கறேன். வெள்ளிக்கெழம வளையலோட வரேன்னு போய்ச் சொல்லு அவகிட்ட."

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

சமையலறைக் கதவு திறந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள் தென்றல். கண்ணில் நீர் வழிந்தது, வாய் சிரித்தது.

"எல்லாருக்கும் ஒரு தொன்னைன்னா, அந்த முக்காட்டுக்கு மட்டும் மாசாமாசம் ரெண்டு தொன்னை குடுத்தேனே, அது யாருன்னு தெரியாமத்தானாப்பா?"